இங்கிலாந்து மாவட்டங்களில் வீட்டுத் தேவையைக் கணக்கிடும் முறை: இரண்டு எண்களில் எது சரி?

வலிவடக்குப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வேலையோடு சேர்த்துத் திட்டமிடலில் ஒரு டிப்ளோமா படிக்கிறேன். ஒப்படைக்காக இங்கிலாந்தின் தென்பகுதி மாவட்டம் ஒன்றின் வீட்டுத் தேவை மதிப்பீட்டு அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் ஒரு அத்தியாயம், வருடத்துக்கு இத்தனை வீடு கட்ட வேண்டும் என்று அரசின் சூத்திரப்படி ஒரு எண்ணைத் தருகிறது. இன்னொரு அத்தியாயம், சந்தை விலையில் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கு வருடத்துக்கு இத்தனை வீடு வேண்டும் என்று வேறொரு எண்ணைத் தருகிறது. இரண்டாவது எண் முதலாவதில் முக்கால்வாசிக்குக் கிட்ட வருகிறது. அப்படியென்றால் கட்டுகிற நாலு வீட்டில் மூன்று, குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அந்த மாவட்டத்தின் கொள்கை மூன்றில் ஒரு பங்குகூடக் கேட்கவில்லை. எதை நம்புவது?

மற்றது, இந்த முறையை எங்கள் பிரிவுக்குப் பாவிக்கலாமா? எங்களிடம் இருப்பது கிராம சேவகர்கள் தரும் பெயர்ப்பட்டியல் மட்டும்தான். விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்துகிறோம், வீட்டுத்திட்டம் வரும்போது மேலிருந்து கொடுக்கிறோம். அதைத் தேவை மதிப்பீடு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கோண்டாவிலான்:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்று இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். உங்களைக் குழப்பிய அந்த இரண்டு எண்களோடு நிறையக் காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அங்கே கவுன்சிலர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

முதலாவது எண்ணை எடுப்போம். 2024 டிசம்பரில் சூத்திரத்தை மாற்றினார்கள். இப்போது மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற வீடுகளின் தொகையில் 0.8 சதவீதம்தான் அடிப்படை. அதற்கு மேல் விலைக்கான திருத்தம். அந்த மாவட்டத்து நடு வீட்டு விலை, அங்கே வேலை செய்கிறவரின் நடு வருடச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, ஐந்து வருடச் சராசரி எடுப்பார்கள். அது 5 மடங்கைத் தாண்டினால், தாண்டுகிற ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.95 சதவீதம் கூட்டுவார்கள். உதாரணத்துக்கு 50,000 வீடு உள்ள ஒரு மாவட்டம் என்று வைப்போம். 0.8 சதவீதம் 400. விலை சம்பளத்தைப் போல 10 மடங்கு என்றால் 5ஐ விட 100 சதவீதம் கூட, ஆகவே 95 சதவீதம் சேர்த்து வருடத்துக்கு 780 வீடு. கணக்கு அவ்வளவுதான். இதில் யாருடைய பெயரும் இல்லை, யாருக்கு எத்தனை அறை வேண்டும் என்பதும் இல்லை. நாடு முழுவதும் எத்தனை வீடு கட்டுவது, அதில் ஒவ்வொரு மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க மட்டும்தான் இது உதவும்.

இதற்கு முன் 2018 இலிருந்து இருந்த சூத்திரம் குடும்பங்களின் எண்ணிக்கை எப்படி வளரும் என்ற எதிர்வுகூறலிலிருந்து தொடங்கியது, அதுவும் 2014ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய எதிர்வுகூறல். அதில் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. வீடு கிடைக்காத இளைஞர்கள் முப்பது வயதிலும் தாய் தகப்பனோடு இருப்பார்கள். ஆகவே குடும்ப எண்ணிக்கை மெதுவாக வளரும். எதிர்வுகூறலும் அதையே நீட்டி, இங்கே தேவை குறைவு என்று சொல்லும். தட்டுப்பாடு கூடின இடத்தில் தேவை குறைந்தது போலத் தெரியும்.

இதை யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1981 கணக்கெடுப்பில் இப்போதைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர். 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001 இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 2012 இல் 5 லட்சத்து 83 ஆயிரம். இந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் எங்களுக்கு வீடே தேவையில்லை என்றுதான் வரும். இடம்பெயர்வையும் வெளிநாட்டுப் பயணத்தையும் மக்களின் விருப்பம் என்று எடுத்துக்கொண்ட கணக்காகிவிடும். ஒப்படையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இரண்டாவது எண் வேறு வழியால் வருவது. இப்போதே இக்கட்டில் இருக்கிறவர்களை முதலில் எண்ணுவார்கள்: தற்காலிக இடத்தில் வைக்கப்பட்ட வீடற்றவர்கள், நெருக்கடியில் வாழ்கிறவர்கள், இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குள் மறைந்திருக்கிற குடும்பங்கள். அதைத் திட்டக் காலத்து வருடங்களுக்குப் பிரித்துப் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் புதிதாகக் குடும்பம் ஆகிறவர்களில் சந்தை வாடகை கட்ட முடியாதவர்களைக் கூட்டுவார்கள். வருடாவருடம் காலியாகித் திரும்பக் கொடுக்கப்படும் சமூக வாடகை வீடுகளை (கவுன்சிலும் வீடமைப்புச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குத் தருபவை) கழிப்பார்கள். மிச்சம்தான் நீங்கள் பார்த்தது.

இரண்டையும் ஏன் நேரே ஒப்பிட முடியாது என்றால், அந்த இக்கட்டுப் பட்டியலில் பலர் ஏற்கெனவே ஒரு வீட்டில் இருக்கிறவர்கள். இரண்டு அறை வீட்டில் நெருங்கி இருக்கும் குடும்பத்துக்கு மூன்று அறை வீடு கொடுத்தால் அந்த இரண்டு அறை வீடு இன்னொருவருக்குக் காலியாகிறது. தேவை ஒன்று தீர்ந்தது, ஆனால் மாவட்டத்தின் மொத்த வீட்டுத் தேவை ஒன்றாலும் கூடவில்லை. முதலாவது எண் மாவட்டத்தில் எத்தனை வீடு கூட வேண்டும் என்பது. இரண்டாவது எத்தனை குடும்பத்துக்கு உதவி வேண்டும் என்பது. நாலில் மூன்று என்ற கணக்கு இதனால்தான் தவறு. கொள்கையில் வரும் பங்கு மூன்றாவது ஒரு விசயத்தில் தங்கியிருக்கிறது: கட்டுகிற கம்பனி எத்தனை குறைந்த விலை வீடுகளைச் சேர்த்துக் கொடுத்து நட்டமில்லாமல் முடிக்கலாம் என்ற ஆய்வு. அந்த வீடுகள் பெரும்பாலும் கட்டுகிறவர் கவுன்சிலோடு செய்யும், 1990 திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒப்பந்தம் வழியாக வருகின்றன.

கட்டுப்படியாகாது என்பதை எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்றும் கவனியுங்கள். வாடகை வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போனால் என்று ஒரு ஆலோசகர் போடுவார், நாலில் ஒன்று என்று இன்னொருவர் போடுவார். அந்த ஒரு வரியால் நூற்றுக்கணக்கான குடும்பம் தேவைக்குள் வரும் அல்லது வெளியே போகும். அறிக்கை கையில் வந்தால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

ஹரோ வாசி:

அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன் தங்கச்சி. பட்டியலையும் தேவையையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 2011 உள்ளூர்த்துவச் சட்டத்துக்கு (Localism Act) பிறகு, சமூக வாடகை வீட்டுக்குக் காத்திருப்போரின் பதிவேட்டில் யார் சேரலாம் என்பதைக் கவுன்சில்களே பெரும்பாலும் தீர்மானிக்கலாம் என்றாகியது. இத்தனை வருடம் அங்கேயே வசித்திருக்க வேண்டும் என்று பல கவுன்சில்கள் விதி போட்டன. இங்கிலாந்து முழுவதும் 2012 இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த காத்திருப்போர் பட்டியல், 2017 அளவில் 12 லட்சத்துக்கும் கீழே போனது. இடையில் அவ்வளவு பேருக்கு வீடு கிடைத்துவிடவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றதால் ஒரு கவுன்சில் எல்லையிலிருந்து பக்கத்து எல்லைக்கு மாறினோம். ஐந்து பேர், இரண்டு அறை, மாமியும் எங்களோடு. புதிய கவுன்சிலில் வசித்த காலம் போதாது, பழைய கவுன்சிலில் நாங்கள் இப்போது வசிக்கவில்லை. இரண்டு பதிவேட்டிலும் எங்கள் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அறைகள் பெரிதாகிவிடவில்லை.

வலிவடக்குப் பிள்ளை:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இரண்டு எண்ணும் இப்போது தெளிவாக விளங்குகிறது. அக்கா சொன்னது எங்கள் பிரிவிலும் அப்படியே நடக்கிறது. 1990 ஜூனில் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி முகாமுக்குப் போன குடும்பம் ஒன்று என்று பதிவிருக்கும். அங்கே பிறந்த மகள் கலியாணம் செய்து, அவளுக்கும் பிள்ளைகள். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டு மீள்குடியேறும்போது ஒரு குடும்பம், ஒரு வீடு. இரண்டு குடும்பம் அதற்குள் இருக்கிறது. சீதனமாக எழுதிக் கொடுக்கக் காணி இல்லாத தாய் தகப்பன் என்ன செய்வார்கள்?

இன்னொரு பக்கம் அதே ஒழுங்கையில் பூட்டிய வீடுகள். உரிமையாளர் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ. மேலதிகாரி ஒருவர், இவ்வளவு வீடு காலியாக இருக்கும்போது என்ன தட்டுப்பாடு என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒழுங்கைக்காரன்:

திருநெல்வேலிப் பக்கம் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பூட்டிய வீடு அவ்வளவு இல்லை. அறை அறையாக மாணவர்களுக்கு வாடகை. ஒரு குடும்பத்துக்கு முழு வீடாகத் தர ஆள் இல்லை, அறைகளாகக் கொடுத்தால் கூடக் காசு. தேவையையும், காசோடு வரும் சந்தைக் கேள்வியையும் (demand) பிரிக்க அங்கே போய்ப் பாருங்கள்.

கோண்டாவிலான்:

தம்பி சொன்னது சரியான உதாரணம். மாணவர் பக்கம் காசோடு வரும் கேள்வி, அதற்குச் சந்தை உடனே பதில் சொல்கிறது. பக்கத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குத் தேவை இருக்கிறது, காசு இல்லை, ஆகவே சந்தைக்கு அவர்களைத் தெரியாது. இங்கிலாந்தின் 1985 வீடமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, தன் மாவட்டத்து வீட்டு நிலைமையையும் மேலும் எவ்வளவு வீடு தேவை என்பதையும் கவனிக்கும் கடமையைக் கவுன்சிலுக்குக் கொடுக்கிறது. விண்ணப்பித்தவரை மட்டும் கவனி என்று அது சொல்லவில்லை. எனக்குப் பிடித்த சட்ட வரி அது.

பூட்டிய வீட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்கு மேல் காலியான வீடு எத்தனை என்று கவுன்சில் வரிப் பதிவிலிருந்தே எடுக்கலாம். அப்படியும் தனியார் காலி வீட்டைக் குறைந்த வாடகை வீடுகளின் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் உரிமையாளர் தராமல் யாரும் அதில் குடியேற முடியாது. 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் காலியாக இருந்தாலே வரியை இரட்டிப்பாக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. எங்களிடம் அந்தக் கருவியும் இல்லை. உங்கள் மேலதிகாரிக்கு இப்படிச் சொல்லுங்கள்: காலி வீடுகளைத் தனியாக எண்ணுவோம், அதில் எத்தனை உரிமையாளர் வாடகைக்குத் தரத் தயார் என்று கேட்போம், தயாரான வீட்டை மட்டும் கழிப்போம். கிராம சேவகருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் யாருடைய வீடு, திறப்பு யாரிடம் என்று தெரியும்.

நெருக்கடியை அளக்க இங்கிலாந்தின் அறைக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அதன்படி ஒரு தம்பதிக்கு ஒரு அறை, 21 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு அறை, 10 முதல் 20 வரையான ஒரே பாலார் இருவருக்கு ஒன்று, பத்துக்குக் குறைந்த பிள்ளைகள் இருவருக்கு ஒன்று. அம்மம்மா, தாய் தகப்பன், 14 வயது மகன், 12 வயது மகள் என்றால் நாலு அறை. பொடியன் விறாந்தையில் படுப்பது எங்கள் ஊரில் குறையல்ல. ஆனால் கலியாணம் செய்த இரண்டு சோடி ஒரு வீட்டில் இருப்பதும், வளர்ந்த பெண் பிள்ளைக்கு மறைவில்லாததும், சமையல் இரண்டு அடுப்பில் நடப்பதும் எங்களுக்கு நெருக்கடிதான். அதை அளவுகோலாக வையுங்கள். மறைந்த குடும்பத்தைக் கண்டுபிடிக்க அடுப்பை எண்ணுவது நல்ல வழி.

2012 இல் இங்கே தொடங்கிய இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், கட்டம் கட்டமாக, சொந்தக்காரரே கட்டுகிற முறை. எத்தனையோ குடும்பம் அதனால் கூரை கண்டது. ஆனால் காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ காட்ட முடியாதவரால் அப்படியான திட்டத்துக்குள் நுழையவே கஷ்டம். ஆகவே காணி இல்லாதவர்களுக்கு உங்கள் படிவத்தில் தனி நிரல் வையுங்கள். அவர்களைக் காணியுள்ளவரோடு ஒரே வரிசையில் வைத்தால் எப்போதும் அடியில்தான் நிற்பார்கள்.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பரிஷ் என்ற மிகச் சிறிய உள்ளூர்ப் பிரிவு அளவில், பட்டியலைப் பாராமல் எல்லா வீட்டுக்கும் படிவம் கொடுத்துக் கேட்பார்கள்: இந்த வீட்டில் தனியே போக விரும்பும் ஆள் உண்டா, ஏன் முடியவில்லை, வருமானம் என்ன, ஊரோடு என்ன தொடர்பு. உங்களுக்குப் பொருந்துவது அந்த மாதிரி. யாழ் மாவட்டத்தில் 435 கிராம சேவகர் பிரிவு இருக்கிறது, முதலில் உங்கள் பிரதேசத்தில் மீள்குடியேற்றம் நடந்த ஒன்றையும் நடக்காத ஒன்றையும் எடுத்து எல்லா வீட்டுக்கும் போங்கள். வருகிற எண்ணைப் பட்டியலிலுள்ள எண்ணோடு பக்கத்தில் வைத்து மேலதிகாரியிடம் கொடுங்கள். கேள்விப் படிவத்தை எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.