தடுப்புச் சுவர் எஸ்டிமேட்: சதுர அடிக் கணக்கை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

துபாய்த் தம்பி அனுப்பிய இரண்டு எஸ்டிமேட்டையும் பார்த்தேன். அவருடைய அம்மா தனியாக இருக்கிற வீடு, பின்பக்கம் மண் சரியாமல் தாங்குகிற தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. ஒரு மேஸ்திரி 2,80,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 6,10,000 கேட்கிறார். இரண்டாவது ஆள் கொள்ளையடிக்கப் பார்க்கிறார், முதல் ஆளுக்கே கொடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார். தனி மடலில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்ணை வெட்டாமல் கட்டிய வீடு எத்தனை இருக்கிறது? நம்மில் பாதிப் பேர் வீட்டுக்குப் பின்னால் இந்தச் சுவர் நிற்கிறது. அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதல் ஆளின் தாளில் இருப்பது ஒரே வரி. "40 அடி நீளம், 10 அடி உயரம், 400 சதுர அடி, சதுர அடிக்கு 700 ரூபாய்." சுவரின் முகத்தை மட்டும் அளந்திருக்கிறார். கருங்கல் தடுப்புச் சுவர் தன் எடையால்தான் மண்ணைத் தாங்குகிறது. அந்த எடை அகலத்தில் இருக்கிறது. தம்பி, அகலம் எவ்வளவு என்று நீங்கள் போனில் கேட்டபோது மேலிருந்து கீழ்வரை ஒன்றரை அடி என்றாராம். அஸ்திவாரம் 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். இரண்டாவது ஆள் தலையில் ஒன்றரை அடி, அடியில் 5 அடி என்று எழுதியிருக்கிறார். அஸ்திவாரம் 6 அடி அகலம், 3 அடி ஆழம். உயரத்தில் ஏறக்குறைய பாதியாவது அடிப்பக்க அகலம் வேண்டும் என்பது கருங்கல் சுவருக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இப்போது கன அடியில் பாருங்கள். முதல் ஆள் கட்டப்போவது 600, அஸ்திவாரம் 120, ஆக 720 கன அடி. இரண்டாமவர் 1,300, அஸ்திவாரம் 720, ஆக 2,020 கன அடி. கன அடிக்கு முதல் ஆள் கிட்டத்தட்ட 390 ரூபாய் வாங்குகிறார், இரண்டாமவர் 300 ரூபாய்தான் வாங்குகிறார். நீங்கள் கொள்ளை என்று சொன்னவர்தான் விலை குறைத்துச் சொல்லியிருக்கிறார், தம்பி.

"பக்கத்து வீட்டில் ஒன்றரை அடிச் சுவர் நன்றாகத்தானே நிற்கிறது" என்பார்கள். அது 4 அடி, 5 அடிச் சுவராக இருக்கும். உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கிற வலு எட்டு மடங்காகும். 5 அடிச் சுவரின் பழக்கத்தை 10 அடிக்குக் கொண்டுபோக முடியாது.

அப்புறம் தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். எங்கள் சுவர் விழுந்தது இதனால்தான். ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில், விடியற்காலை, அப்பா வைத்த பேரிக்காய் மரத்தோடு சேர்ந்து வந்து சமையல்கட்டுச் சுவரில் மோதி நின்றது. லீவு போட்டு ஓடினேன். எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். இடிபாட்டில் இறங்கி, சுவரிலிருந்த பி.வி.சி. குழாய் ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். முக்கால் அடி நீளம்தான் இருந்தது. உள்முனை முழுக்கச் சிமென்ட். அதாவது அந்தத் துளை மண்வரைக்கும் போகவே இல்லை, கல்லுக்குள்ளேயே முடிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வரிசையாக வீப் ஹோல், அதாவது சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வடிகிற துளை, இருக்கும். பதினைந்து வருடமாக அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. சுவர் ஈரமில்லாமல் நல்லபடியாக இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தோம்.

10 அடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், ஈரமில்லாத மண் தள்ளுவதைப் போல இரண்டு மடங்கு சுவரைத் தள்ளும். அதனால் எஸ்டிமேட்டில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: 3 அங்குலக் குழாய் சுவரின் அகலம் முழுக்கப் போய் வெளிப்பக்கம் சரிவாக இருக்கும், நாலைந்து அடிக்கு ஒன்று, சுவருக்குப் பின்னால் ஒன்றரை அடிக்கு 40 எம்.எம். ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி, மேல்மண்ணின் மழைநீர் சுவருக்குப் பின்னால் இறங்காதபடி தலையில் ஒரு வடிகால். உங்கள் முதல் தாளில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. இரண்டாவது தாளில் குழாயும் ஜல்லியும் இருக்கின்றன, துணியும் மேல் வடிகாலும் இல்லை. அவற்றைச் சேர்த்து எழுதி வாங்குங்கள். தொகை கொஞ்சம் ஏறினாலும் ஏறட்டும்.

இடிப்பது, மண்ணை அப்புறப்படுத்துவது, ரோட்டிலிருந்து தலைச்சுமையாகக் கல் இறக்குவது, ஜி.எஸ்.டி. எல்லாம் தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். பழைய கல் நல்ல கல், அதைத் திரும்பப் பயன்படுத்தினால் எவ்வளவு குறைப்பார் என்றும் கேளுங்கள். ஜேசிபி கொண்டுவருகிறேன் என்றால் நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

40 அடியையும் ஒரே நாளில் தோண்டிப் போட விடவே விடாதீர்கள். 10 அடி நீளத்துக்குத் தோண்டி, கட்டி, அது இறுகிய பிறகுதான் அடுத்த துண்டு. 2024 பிப்ரவரியில் ஊட்டி பக்கம் லவ்டேலில் கட்டுமானத்துக்கு மண் தோண்டிய இடத்தில் ஆறு பெண் தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். நம் வீட்டுச் சுவருக்காக இன்னொரு வீட்டில் இழவு விழக்கூடாது. துண்டு துண்டாகக் கட்டினால் நாள் கூடும், கூலியும் கூடும். அந்தக் கூலியில் பேரம் வேண்டாம்.

பணத்தை வேலை ஆக ஆகக் கொடுங்கள். அஸ்திவாரம் தோண்டியதும் அம்மாவை டேப் பிடிக்கச் சொல்லி வீடியோ வாங்குங்கள். எங்கள் அம்மா எழுபத்திரண்டு வயதில் குழிக்கு மேல் நின்று "ஆறடி இருக்குடா, பாரு" என்று காட்டினார். ஜல்லி கொட்டி மூடுவதற்கு முன் பின்பக்கத்தைக் கட்டாயம் படம் எடுக்கச் சொல்லுங்கள், மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்தில் ஒரு பங்கை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது மேஸ்திரி ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். இவ்வளவு அளவு எழுதிக் கொடுத்தவர் வேலை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வேலை தை, மாசியில் தொடங்கினால் தென்மேற்கு மழைக்கு முன் முடிந்துவிடும். அதுவரை வயிறு தள்ளிய இடத்துக்கு மேலே தார்ப்பாய் போட்டு, கூரைத் தண்ணீரைக் குழாயில் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். அம்மாவை இந்த வாரமே முன் அறையில் படுக்கச் சொல்லுங்கள், தம்பி. பொறியாளரிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்க்கிறேன் என்றார்.