பழைய பேப்பர்ல வந்தது மட்டும் பலிச்சிருந்தா இப்ப எப்படி இருந்திருப்போம்?

பரண்மேல்_பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க பாட்டியோட டிரங்குப் பெட்டிய பரண்ல இருந்து இறக்குனேன், அடியில விரிச்சிருந்த பேப்பர உருவிப் பாத்தா 1979 ஜூலை. பழுப்பேறிப் போயி அந்துருண்டை வாசம், மடிப்புல கை வச்சா பொடிப்பொடியா உதிருது. ஸ்கைலாப் எந்நேரமும் விழும்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கான், அதுக்கு நேர் கீழ பல்பொடி விளம்பரம். சாகுறதுதான் சாகுறோம், பல்ல வெளக்கிட்டு சாவோம்னு வச்சிருப்பான் போல.

சின்னப் பசங்களுக்கு தெரிஞ்சிருக்காது, ஸ்கைலாப்னா அமெரிக்காக்காரன் 1973ல மேல அனுப்புன விண்வெளி நிலையம், சுமார் 77 டன், அது கீழ வர்றப்ப எங்க விழும்னு அனுப்புனவனுக்கே சரியா தெரியல. எங்க தாத்தா, நாளைக்கு இருப்பமோ இல்லையோன்னு அய்யனாருக்கு நேந்துவிட்டிருந்த கிடாய அறுத்து தெருவுக்கே கறிச்சோறு போட்டுட்டாரு. அது என்னடான்னா போய் ஆஸ்திரேலியாவுல விழுந்து வச்சிருச்சு. அய்யனாரு சும்மா விடுவாரா, வேற கிடா வாங்க பாட்டியோட தோடு அடகுக்கு போச்சு, கடைசி வரைக்கும் திருப்பவே இல்ல. ஸ்கைலாப்னு யாராச்சும் சொன்னா பாட்டி காதத் தடவிப் பாத்துக்கும்.

விஷயம் என்னன்னா அது நெசமாவே நம்ம ஊர்ல விழுந்திருந்தா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? வேற பழைய செய்தி ஞாபகம் இருந்தாலும் எடுத்து விடுங்க.

கரிசக்காட்டான்:
மொத வேலையா பஸ் ஸ்டாப்புக்கு ஸ்கைலாப்பட்டி விலக்குன்னு பேரு வந்திருக்கும். நம்ம கண்டக்டருங்க வாயில அது ரெண்டே வருஷத்துல கைலாப்பட்டி ஆயிரும், அப்புறம் எவனாச்சும் ஒருத்தன் கெளம்பி இது ஆதியில கைலாயப்பட்டி, சிவபெருமான் நேர்ல வந்து எறங்குன எடம்னு தலபுராணம் எழுதி 2 ரூவாய்க்கு வித்திருப்பான். வருஷா வருஷம் ஆடியில திருவிழா, ராத்திரி கரகாட்டம்.

ஆனா நெஜ சிக்கல் வேற. விழுந்தது வரப்பு மேலன்னு வச்சுக்கங்க. இந்தப் பக்கம் அண்ணன் நெலம், அந்தப் பக்கம் தம்பி நெலம், ஏற்கனவே கெணத்துப் பங்குல பேச்சுவார்த்தை கெடையாது. என் வயல்ல தான் முக்கால்வாசி கெடக்குன்னு இவன், மூக்கு எம்பக்கம்னு அவன், சர்வேயர் செயின் புடிச்சு அளந்துட்டு இது ஓடைப் புறம்போக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு. கேஸ் இன்னைக்கும் வாய்தாவுல இருக்கும். இவங்க கோர்ட்டுக்கு அலையிற கேப்புல நம்ம பழைய இரும்புக்காரர் தராச தூக்கிட்டு வந்து மொத்தத்தையும் பேரீச்சம்பழத்துக்கு எடுத்திருப்பாரு. நாசாக்காரன் ஜீப்புல வந்து எறங்குறப்ப ஊரே திண்ணையில உக்காந்து கொட்டை துப்பிக்கிட்டு இருக்கும்.

ரிட்டயர்டு_வாத்தியார்:
ஒரு சின்னத் திருத்தம், தேதிய யாரும் மாத்திப் போட்டுறாதீங்க. நம்ம நேரப்படி ஜூலை 11 ராத்திரி பத்து மணி வாக்குல, மேற்கு ஆஸ்திரேலியாவுல அப்ப 12ஆம் தேதி பொறந்துருச்சு. நான் அப்ப காலேஜ், ஹாஸ்டல் மொட்டை மாடியில பாயப் போட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே படுத்திருந்தோம். கெடச்சது கொசுக்கடி.

அங்க எஸ்பெரன்ஸ்னு ஒரு ஊரு, பொது எடத்துல குப்பை போட்டதுக்குன்னு அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் எழுதுனாங்க. கேலிக்கு எழுதுனது தான், ஆனா அது 30 வருஷம் அப்படியே நின்னு, 2009ல அமெரிக்காவுல ஒரு ரேடியோக்காரர் நேயர்கள்ட்ட வசூல் பண்ணி கட்டுனாரு. நம்ம பஞ்சாயத்து கிளார்க் கையில அந்த நோட்டீஸ் சிக்கியிருந்தா அபராதம், அதுக்கு வட்டி, ஆக்கிரமிப்பு, வீட்டு வரி, எல்லாத்தையும் போட்டு வெள்ளை மாளிகை வாசல்ல தண்டோரா போட்டிருப்பாரு.

கத்தார்_கணேசன்:
1996 மூலிகை பெட்ரோல யாருமே சொல்லலயே. தண்ணியில பச்சிலையப் போட்டு கொதிக்க வச்சா பெட்ரோலுன்னு ஒருத்தர் சொல்ல, பேப்பர் பூரா அதே பேச்சு. ஐஐடிகாரங்க சோதனை பண்ணி அது மூலிகையே இல்லன்னுட்டாங்க, கேஸ் ஓடி 2016ல தண்டனையும் ஆச்சு. சரி அத விடுங்க. அது மட்டும் நெசமா இருந்திருந்தா ராஜபாளையம் பக்கம் தான் இப்ப வளைகுடா.

நான் இங்க கேம்ப்ல அடுக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டு டெய்லி இதத்தான் யோசிப்பேன். ஷேக்கு வீட்டுப் பையன் ஏஜென்ட்டுக்கு ரெண்டு லட்சம் கட்டி, விசா அடிச்சு, சங்கரன்கோவில் ரோட்டுல எறங்குறான். ஒரு ரூம்ல எட்டு பேரு. கபில், அதான் விசா குடுத்து வேலைக்கு வச்சுக்குற முதலாளி, யாருன்னா நம்ம மாமா தான், பாஸ்போர்ட்ட வாங்கி பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வச்சுக்கிட்டு வேலை மலையில பச்சிலை பறிக்கிறதுன்னு சொல்லிருவாரு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு. ஊருக்கு போறப்ப பெட்டியில கயிறு கட்டி, மேல மார்க்கர்ல பேரு எழுதி, உள்ள கோடாலித் தைலத்துக்கு பதிலா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சாத்தூர் சேவும். ஏர்போர்ட்ல அவன் புள்ளைக்கு அப்பன அடையாளம் தெரியாம அம்மா பின்னாடி ஒளியும்.

அந்த கடைசி வரி மட்டும் கற்பனை இல்லங்க, விடுங்க.

பால்காரர்_பொண்ணு:
அண்ணே சிரிச்சுக்கிட்டே படிச்சேன், கடைசியில இப்படி பண்ணிட்டீங்களே.

நான் 1995 செப்டம்பர் 21 சொல்றேன், பிள்ளையார் பால் குடிச்ச நாள். எங்கப்பா அன்னிக்கு கறந்த பாலு முழுசும் காலி, எங்க வீட்டுக்கே வரக்காப்பி. விஞ்ஞானிங்க பால்ல கலர் கலந்து குடுத்துப் பாத்து, பரப்பு இழுவிசையால சிலை மேல ஒழுகி எறங்குதுன்னு காட்டுனாங்க. ஒழுகாம நெசமாவே டெய்லி குடிக்க ஆரம்பிச்சிருந்தா? நம்ம ஊர்ல தெருவுக்கு மூணு பிள்ளையாரு, அரசமரத்தடி, முட்டுச்சந்து, குளத்துக்கரைன்னு. எல்லாருக்கும் ரேஷன் கார்டு, கார்டுல குடும்பத் தலைவர் விநாயகர், மற்ற உறுப்பினர்கள்ல மூஞ்சூறு. முருகன் எனக்கு ஏன் இல்லைன்னு மறுபடி கோவிச்சுக்கிட்டு மலையேறியிருப்பாரு.

ஓஎம்ஆர்_வாசி:
ஒய்டூகே? 1999 டிசம்பர் 31 ராத்திரி கம்ப்யூட்டர் எல்லாம் 1900க்கு போயிரும்னாங்க. போயிருந்தா என் வீட்டு லோனு நான் பொறக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும், இந்நேரம் முடிஞ்சிருக்கும். அது நடக்காததுல எனக்கு மட்டும் தான் வருத்தம்னு நினைக்கிறேன்.

பரண்மேல்_பாண்டி:
எல்லாருக்கும் நன்றி, கைலாயப்பட்டிய அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், அய்யனாரு கிடா மேட்டர இப்படி ஊருக்கே சொல்லிட்டியாடான்னு திட்டு. வாத்தியார் ஐயா அந்தப் பக்கத்த போட்டோ எடுத்துப் போடச் சொல்லி தனியா மெசேஜ் பண்ணியிருந்தாரு, சரின்னு போன எடுத்துட்டு போறதுக்குள்ள அம்மா அதுல நெத்திலிக் கருவாட்ட மடிச்சு பக்கத்து வீட்டுக்கு குடுத்து விட்டுருச்சு. ஓடிப்போய் கேட்டேன். கருவாட்ட எடுத்துக்கிட்டு பேப்பர கொல்லப்பக்கம் எறிஞ்சுட்டாங்களாம். ஆக ஸ்கைலாப் இங்கதான்யா விழுந்துருக்கு, பூனை ஒண்ணு மேல உக்காந்து நக்கிக்கிட்டு இருக்கு, கிட்ட போனா உறுமுது.