எமாக்ஸின் லிஸ்ப்: படித்து என்ன ஆகப்போகிறது?

அரைப்புள்ளி:
பத்து வருடமாக எமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில்தான் எழுதுகிறேன். அதற்குள்ளேயே இருக்கும் எலிஸ்ப் (எமாக்ஸ் லிஸ்ப்) நிரல் மொழியைத் தொட்டது மூன்று வாரம் முன்புதான். அதுவரை அடுத்தவர் அமைப்புக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியே காலம் தள்ளினேன். (+ 2 3) என்று எழுதி, கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் கன்ட்ரோல்-எக்ஸ் கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் கீழே 5 வந்து நிற்கிறது. எடிட்டரின் சொந்த ஃபங்ஷன் ஒன்றைத் திருத்தி அதே மாதிரி அழுத்தினால் அந்த நொடியே எடிட்டர் மாறிவிடுகிறது. மூடித் திறக்கும் வேலையே இல்லை. வேறு எந்த மொழியும் என்னை இப்படி உட்கார வைத்ததில்லை.

கடைசிபஸ்:
வாழ்த்துகள். ஆனால் எமாக்ஸைத் தாண்டினால் இது செல்லாக்காசு. அந்த மூன்று வாரம் பைத்தான் படித்திருந்தால் சர்வரிலும் ஓடும், சம்பளத்திலும் தெரியும். நானும் எலிஸ்ப் எழுதிப் பார்த்தவன்தான். ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்கும் லாம்டா (பெயரில்லா ஃபங்ஷன்) எழுதினேன். கூப்பிட்டால் அப்படி ஒரு வேரியபிளே இல்லை என்று கையை விரித்தது. டைனமிக் ஸ்கோப்பாம், வேரியபிளை எழுதிய இடத்தில் தேடாமல் கூப்பிடும் இடத்தில் தேடுமாம்! ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று.

வாய்க்கால்:
கோப்பின் முதல் வரியில் லெக்சிகல் பைண்டிங்கை (எழுதிய இடத்து வேரியபிளையே பிடித்துக்கொள்ளும் முறை) இயக்கச் சொன்னால் அது தீர்ந்துவிடும். 2012இல் வந்த எமாக்ஸ் 24 முதல் அந்த வசதி உண்டு. குனு எமாக்ஸ் 1985இல் வெளியானது. அன்றிலிருந்து எழுதிக் குவித்த நிரல்கள் உடையக் கூடாதே என்றுதான் அப்போது தானாக இயங்கும்படி வைக்கவில்லை. புதிதாக வருபவர் விழும் குழிதான், மறுக்கவில்லை.

கடைசிபஸ்:
இன்னொரு குழியும் இருக்கிறது. ஏதோ ஒரு ஃபங்ஷன் நெட்வொர்க் பதிலுக்காகக் காத்திருந்தால் மொத்த எடிட்டரும் சிலையாகிவிடும். எமாக்ஸ் 26இல் த்ரெட் (வேலைகளைத் தனித்தனி இழைகளாக ஓட்டும் வசதி) வந்தது, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்.

அரைப்புள்ளி:
உறைவது உண்மைதான், என் மெயில் தினமும் ஒரு தடவை உறைகிறது. ஆனால் நான் நாளெல்லாம் இருப்பது எமாக்ஸுக்கு உள்ளேதானே? போன வாரம் மச்சான் கடை விலைப்பட்டியல் வந்தது. 400 வரி, எல்லா விலையையும் 5 சதவீதம் ஏற்ற வேண்டும். ரெஜெக்ஸ் (வடிவம் பார்த்துத் தேடும்) மாற்றலில் தேட வேண்டிய இடத்தில் [0-9]+$ (வரிக் கடைசியில் வரும் எண்) என்றும், மாற்றும் இடத்தில் \,(* 1.05 \#&) என்றும் கொடுத்தேன். அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது எலிஸ்ப். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

கடைசிபஸ்:
பைத்தானில் நாலு வரி.

அரைப்புள்ளி:
கோப்பைத் திறக்கிற, எழுதுகிற வரிகளோடு சேர்த்தா? இதில் ஒவ்வொரு விலைக்கும் "மாற்றவா?" என்று கேட்கவும் வைக்கலாம்.

வாய்க்கால்:
எனக்குப் பிடித்தது வேறு. கன்ட்ரோல்-ஹெச் எஃப் அழுத்தி ஒரு ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வரும். அங்கிருந்தே அதன் மூல நிரலுக்குப் போகலாம். அடித்தளம் சி மொழியில் இருந்தாலும் மேலே பெரும்பகுதி எலிஸ்ப்தான். நம் தமிழ் உள்ளீட்டு முறைகள்கூட எலிஸ்ப் கோப்பில்தான் இருக்கின்றன. திறந்து படித்தே பாதி கற்றேன்.

கடைசிபஸ்:
சரி, அந்த விலை வித்தையைப் போட்டுப் பார்த்தேன். 60 ரூபாய் 63.0 ஆகிறது. எந்தக் கடையில் 63.0 என்று எழுதுகிறார்கள்?

அரைப்புள்ளி:
வெளியே ரவுண்ட் (round) ஃபங்ஷனைச் சுற்றிப் போடுங்கள் அண்ணே.

கடைசிபஸ்:
போட்டேன், 63 வந்தது. பாக்கி 399 வரிக்கும் ஆச்சரியக்குறி அழுத்தினால் போதுமா, இல்லை ஒவ்வொன்றாகத்தானா?