மோதலின்றி இணைந்த கிளை, லினக்ஸ்-நெக்ஸ்டில் பில்ட் ஆகாதது ஏன்?

கேள்வி

லினக்ஸ் கர்னலுக்காக நான் எழுதிய சிறிய டிரைவர் ஒன்றைத் துணை அமைப்பின் பராமரிப்பாளர் தம் கிளையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அங்கே அது எந்த எச்சரிக்கையும் இன்றி பில்ட் ஆகிறது. ஆனால் அந்தக் கிளை லினக்ஸ்-நெக்ஸ்டில் (அடுத்த பதிப்புக்கான கிளைகளை ஒன்றாக இணைத்துச் சோதிக்கும் தொகுப்பு) சேர்ந்ததும், நான் அழைக்கும் ஒரு ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்ட் அதிகமாக இருக்கிறது என்று கம்பைலர் பிழை காட்டியதாக மின்னஞ்சல் வந்துள்ளது. கிளைகளை இணைக்கும் கருவியான கிட், இணைக்கும்போது எந்த மோதலையும் தெரிவிக்கவில்லையாம். இது எப்படி நேர்கிறது? என் மாற்றமான பேட்சை லினக்ஸ்-நெக்ஸ்டின் மீது ரீபேஸ் செய்து, அதாவது அதை அடித்தளமாக வைத்து மாற்றியமைத்து, மீண்டும் அனுப்புவதுதான் முறையா?

மறுமொழி 1

கிட் வரிகளை ஒப்பிடுகிறதே தவிர, அவற்றின் பொருளை அறியாது. ஒரு கிளை, ஹெடர் கோப்பில் ஃபங்ஷனின் வடிவத்தை மாற்றி, அதுவரை மரத்தில் (மூல நிரலின் தொகுப்பில்) இருந்த அழைப்புகள் அனைத்தையும் திருத்திவிடுகிறது. இன்னொரு கிளையோ புதிய கோப்பு ஒன்றில் அதே ஃபங்ஷனைப் பழைய வடிவில் அழைக்கிறது. இரண்டும் ஒரே வரியைத் தொடாததால் இணைப்பு ஓசையின்றி முடிந்துவிடும். 2023இல் வெளியான 6.4 பதிப்பில் கிளாஸ்_கிரியேட் என்ற ஃபங்ஷன் தன் முதல் ஆர்கியுமென்டை இழந்தபோது, 6.3ஐ நம்பி அதை அழைத்த எந்தப் புதிய டிரைவரும் இந்தப் பிழையில் விழக்கூடிய நிலையில்தான் இருந்தது.

இத்தகைய பிழைகளை முன்கூட்டியே வெளிக்கொணர்வதற்காகவே 2008 பிப்ரவரியில் ஸ்டீஃபன் ராத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்டைத் தொடங்கினார். அதற்கு முன்பு கர்னல் பராமரிப்பாளர் ஆண்ட்ரூ மார்ட்டனின் எம்எம் என்ற சோதனை மரம்தான் பெருமளவு அந்தச் சுமையைத் தாங்கியது. கர்னலின் தலைமைப் பராமரிப்பாளர் லினஸ் டோர்வால்ட்ஸின் அன்றைய மரத்தில் தொடங்கி, 300க்கும் மேற்பட்ட கிளைகள் ஒரு நிலையான வரிசையில் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டு, இடையிடையே பில்ட் செய்யப்படுகின்றன. எல்லாவற்றையும் இணைத்த பின் ஒரே முறை பில்ட் செய்தால், உடைத்த கிளை எது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். இதில் ஒரு விநோதம் உண்டு: வரிசையில் பின்னால் வரும் கிளையின் பெயரில்தான் பிழை பதிவாகும். உங்களுக்கு மின்னஞ்சல் வந்ததற்கு அதற்கு மேல் பொருள் இல்லை.

மறுமொழி 2

ரீபேஸ் செய்யாதீர்கள். லினக்ஸ்-நெக்ஸ்ட் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவதால், இன்றைய இணைப்புக் கமிட்டுகள் அடுத்த கட்டமைப்பில் இருக்கமாட்டா. அதன் மீது எழுப்பிய கிளையைப் பராமரிப்பாளர் எவரும் இழுத்துக்கொள்ள முடியாது. அங்கே கிட் புல் பயன்படாமல், ஃபெட்ச் செய்து தேதியிட்ட டேக்கை (அந்நாளின் நிலையைச் சுட்டும் பெயரை) செக்அவுட் செய்ய வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இரு பராமரிப்பாளர்களுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் எழுதுங்கள். ஃபங்ஷன் மாற்றத்தை மட்டும் கொண்ட, இனி மாறாத சிறு கிளை ஒன்றை அவர்கள் இருவரும் இழுத்துக்கொள்ளலாம். இல்லையேல் இரண்டையும் இருந்தபடியே விட்டு, மெர்ஜ் விண்டோவில் (புதிய பதிப்புக்கான மாற்றங்கள் ஏற்கப்படும் இரண்டு வாரங்களில்) லினஸுக்கு அனுப்பும் புல் வேண்டுகோளில் தேவையான திருத்தத்தைக் குறிப்பிடலாம். வரி மோதல் என்றால் கிட்டே அவரிடம் சொல்லிவிடும். இதை யாராவது எழுதினால்தான் தெரியும்.

கேட்டவர்

நன்றி. ஃபங்ஷனை மாற்றுபவருக்கு இதில் கடமை எதுவும் இல்லையா?

மறுமொழி 3

உண்டு, அதை நிறைவேற்றிய நல்ல முன்மாதிரி, சிப்களுக்கு இடையிலான தொடர்பைக் கவனிக்கும் ஐ2சி துணை அமைப்பு. சாதனம் கிடைத்ததும் டிரைவரில் அழைக்கப்படும் புரோப் கால்பேக்கின் இரண்டாவது ஆர்கியுமென்டை நீக்குவதற்காக 4.10 பதிப்பில் புரோப்_நியூ என்ற இடைக்காலப் பெயரைக் கொண்டுவந்தார்கள், டிரைவர்கள் மெல்ல மாறின, 6.3இல் புரோப் புதிய வடிவத்தை ஏற்றது, 6.6இல்தான் புரோப்_நியூ நீங்கியது. தற்காலிகமானது என்று அறிமுகமான பெயர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது என்பது வேறு கதை. அதைவிட ஒரே பதிப்பில் வெட்டிவிட்டு இரண்டு வாரம் வலி பொறுப்பதே மேல் என்று கருதுபவர்களும் உண்டு. அழைப்புகள் சில நூறுக்குள் இருந்தால் நானும் அவர்கள் பக்கம்தான்.

அடுத்த முறை பேட்ச் அனுப்புமுன், அண்மைய தேதியிட்ட டேக்கின் மேல் தூக்கியெறியக்கூடிய ஒரு கிளையை உருவாக்கி, உங்கள் கிளையை அதில் இணைத்து, இயன்றதையெல்லாம் மாட்யூலாகச் சேர்க்கும் ஆல்மாட்கான்ஃபிக் அமைப்பில் பில்ட் செய்யுங்கள். அவ்வமைப்பு எச்சரிக்கைகளையும் பிழைகளாக்கி நிறுத்தும். முழு பில்டுக்கு நேரமில்லையெனில் உங்கள் டிரைவர் இருக்கும் கோப்பகத்தை மட்டும் மேக் கட்டளைக்குக் கொடுத்தாலும் இந்த வகைப் பிழை பிடிபட்டுவிடும்.