விஆர் கேளிக்கை ஸ்டார்ட்அப்பில் பணம் போடலாமா?

கேள்வி:
கூடப் படித்த நண்பன் விஆர் (கண்ணில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடும் மெய்நிகர்) விளையாட்டு மையம் நடத்துகிறான். பங்கு தருகிறேன், முதலீடு செய் என்கிறான். டெமோ பார்த்து அசந்துவிட்டேன். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
முதல் தடவை எல்லோருக்கும் பிரமிப்புதான். வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி காசு கொடுத்து வருகிறார்கள் என்று கேளுங்கள். பெரிய திரை சினிமாவுக்குப் பேர்போன ஐமேக்ஸ் நிறுவனம் 2017-ல் விஆர் மையங்களைத் திறக்கத் தொடங்கியது. 2018 கடைசியில் மிச்சமிருந்தவற்றையும் மூடுவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய பெயர் இருந்தும்!

பதில் 2:
இப்படியொரு மையத்துக்குக் கணக்கு பார்த்திருக்கிறேன். ஹெட்செட் மாட்டி, விளக்கி, கழற்றித் துடைக்கவே நேரம் போய்விடும். அதனால் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு விழுந்துவிடுகிறது. சனி, ஞாயிறு நிரம்பி வழிந்தாலும் அதற்கு மேல் போகாது. வாடகையோ ஏழு நாளுக்கும் ஓடும். வார நாள் வசூலைத் தனியாகக் கேளுங்கள். அப்புறம், விளையாட்டுகள் சொந்தத் தயாரிப்பா, உரிமம் வாங்கியதா?

கேட்டவர்:
நன்றி சார். எல்லாம் உரிமம்தான். வார நாள் வசூலைப் பிரித்துப் பார்த்ததில்லையாம்.

பதில் 2:
அப்படியானால் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். உரிமம் வாங்கிய விளையாட்டைப் பக்கத்தில் இன்னொருவரும் வாங்கி வைக்கலாம். மூன்று மாத வசூலை நாள்வாரியாகப் பிரித்துத் தரட்டும், பிறகு பேசுங்கள்.