மறு: 'லைவ்' கம்பிக்குத் தமிழில் என்ன? (சோலார் கையேடு, வெள்ளிக்கிழமை அச்சு)

சு. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஐ.டி.ஐ.யில் சோலார் டெக்னீஷியன் பிரிவு மாணவர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் ஒருவழியாக முடிந்தது, ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் நிற்கிறது. டிசி ஐசொலேட்டர் (பேனலில் இருந்து வரும் நேர்மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டிமேல் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர் அது. ஐசொலேட்டரை அணைத்த பிறகும் பேனல் பக்கத்துக் கம்பிகள் 'லைவ்' ஆகவே, அதாவது தொட்டால் ஷாக் அடிக்கும் நிலையிலேயே இருக்கும் என்பதுதான் செய்தி.

கைக்குக் கிடைத்த பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் "கம்பிகள் உயிருடன் இருக்கும்" என்றிருக்கிறது. இன்னொன்றில், இதை எந்த இயந்திரம் செய்ததோ, "கம்பிகள் நேரலையில் இருக்கும்" என்றிருக்கிறது. வகுப்பே சிரித்தது. சிரிப்பதற்கான இடம் இல்லை இது.

இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். கலைச்சொல் பட்டியலுக்கும் ஒரு சொல் வேண்டும். பேனலா, பலகையா, தகடா என்ற வழக்கைத் தயவுசெய்து மறுபடி எடுக்க வேண்டாம்.

புலவர் இரா. எழுதியது:

அன்புள்ள சு. அம்மையாருக்கு,

தகடு என்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். (தகடு என்றால் தட்டி மெலிதாக்கியது, பொன் தகடு, செப்புத் தகடு. கண்ணாடியை யாரும் தட்டி மெலிதாக்குவதில்லை.)

'லைவ்' என்பதை உயிர் என்று பெயர்ப்பது ஆங்கிலத்தின் நிழலில் உட்காருவது. நம்மிடம் துஞ்சுதல் என்ற அருமையான வினை இருக்கிறது. உறங்குவதும் அதுவே, இறப்பதும் அதுவே. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் அங்கே தூங்கப் போகவில்லை என்பது இக்குழுவுக்குத் தெரியும். ஆகவே பகலெல்லாம் ஓயாத இந்தக் கம்பிக்கு துஞ்சாக் கம்பி என்பதே பொருத்தம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், சந்தியும் சுத்தம்.

மு. எழுதியது:

ஐயா, சொல் நல்லாத்தான் இருக்கு. ஆனால் என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்குத் 'துஞ்சா' என்று ஒட்டினால், தஞ்சாவூர் என்பதில் எழுத்துப்பிழை என்று நினைப்பான்.

கோவை பக்கம் கூரையில் பேனல் மாட்டுவதுதான் என் பிழைப்பு. நாங்கள் சொல்வது "கரண்ட் இருக்கு", அவ்வளவுதான். 540 வாட் பேனல் ஒன்றுக்குத் திறந்த நிலையில் ஏறத்தாழ 49 வோல்ட். பத்தைத் தொடராகக் கட்டினால் 490. வெயில் பட்டதும் வந்துவிடும், யாரும் சுவிட்ச் போட வேண்டியதில்லை. பேனலை அணைக்க உலகத்தில் சுவிட்சே கிடையாது. இதைத்தான் புது ஆட்களுக்கு மண்டையில் ஏற்ற முடியவில்லை.

இன்னொன்று. சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கிறது, தொட்டுப் பார்த்து விளக்கு எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது வீட்டு ஏசி லைனுக்கான டெஸ்டர். எர்த்தோடு சேராமல் மிதக்கும் டிசி ஸ்ட்ரிங்கில் (தொடராகக் கட்டிய பேனல் வரிசையில்) அதை நம்பவே கூடாது. ஆயிரம் வோல்ட் தாங்கும் மல்ட்டிமீட்டரை டிசியில் வைத்து, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். சு. மேடம், சொல் கிடைக்காவிட்டாலும் இதைக் கையேட்டில் போட்டுவிடுங்கள்.

வி. எழுதியது:

மு. சொன்னதை வழிமொழிகிறேன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீளும்.

எழுத்தில் 'லைவ்' கம்பியை "மின்னோட்டமுள்ள கம்பி" என்று போடும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் அது தவறு மட்டுமல்ல, ஆளைக் கொல்லும் தவறு. ஐசொலேட்டரை அணைத்துவிட்டால் சுற்று திறந்துவிடும், மின்னோட்டம் உண்மையிலேயே இல்லை. கிளாம்ப் மீட்டர் போட்டால் சுழி காட்டும். ஆனால் மின்னழுத்தம் முழுசாக நிற்கிறது. நீங்கள் தொட்டதும் ஓட்டம் தொடங்கும், உங்கள் வழியாக. "ஓட்டம் இல்லை, ஆகவே ஆபத்து இல்லை" என்று படித்த பையனே தர்க்கம் பேசித் தொடுவான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓட்டம் இருக்கும்போது எம்சி ஃபோர் கனெக்டரை (பேனல் கம்பிகளை இணைக்கும் செருகியை) உருவினால் வேறு கதை. ஏசி நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 முறை சுழியைத் தொட்டு வரும். பொறி எழுந்தாலும் அணைவதற்கு இடைவெளி கிடைக்கும். டிசிக்கு அந்த இடைவெளியே இல்லை. பொறி நீண்டு நின்று எரியும், பிளாஸ்டிக்கும் செம்பும் உருகும். அதனால்தான் முதலில் இன்வெர்ட்டரை (டிசியை ஏசியாக மாற்றும் பெட்டியை) நிறுத்து, பிறகு டிசி ஐசொலேட்டரை அணை, அதன் பிறகே கனெக்டரில் கை வை என்கிறோம்.

இரண்டு ஆபத்தும் வேறு வேறு. ஒன்று அழுத்தத்தால், மற்றது ஓட்டத்தைத் துண்டிப்பதால். சொல் இவற்றைக் குழப்பக் கூடாது.

எங்கள் லைன்மேன்கள் "லைன் சார்ஜ்ல இருக்கு" என்பார்கள். லைன் கிளியர் (லைன் அணைக்கப்பட்டுவிட்டது என்ற உறுதி) வாங்கினால்தான் கம்பம் ஏறுவார்கள். அதை ஒட்டி மின்னேறிய கம்பி என்று வைக்கலாமே?

ப. எழுதியது:

வி. ஐயாவின் விளக்கம் பிரமாதம், சொல் சரியில்லை. நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மின்னேற்றம் என்றால் மாணவனுக்கு பேட்டரி சார்ஜ் ஆவது நினைவுக்கு வரும், அல்லது மின்னூட்டம், கூலூம் என்று போய்விடுவான். அழுத்தம்தான் விஷயம் என்றால் அதையே சொல்வோம்: மின்னழுத்தம் நிற்கும் கம்பி. நீளம்தான். நீளமாக இருப்பதால் யாரும் செத்ததில்லை.

(தேநீர் இடைவேளையில் எழுதுகிறேன். சந்திப்பிழை இருந்தால் புலவர் ஐயா பொறுத்தருள்க.)

க. எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

உங்கட சண்டை எங்களுக்கு வியப்பாக இருக்கிறது. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் நாங்கள் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்றுதான் படித்தோம். ஒருவரும் சிரித்ததில்லை. சுவிட்ச்சுக்கு ஆளி, டிசிக்கு நேரோட்டம், ஏசிக்கு ஆடலோட்டம். சின்ன வயதில் இருந்தே பழகிவிட்டால் எந்தச் சொல்லும் சொல்தான்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்தபோது, பகலில் கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டது. என்ட மாமாவும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "ஓஃப் பண்ணியாச்சுத்தானே, ஏறித் துடைச்சு விடுவம்" என்று ஏணியை எடுத்தார். உச்சி வெயில். நிறுத்தினது இன்வெர்ட்டரைத்தான், மேலே இருக்கிறது முழுக்க உயிரோட இருக்குது என்று நான் கத்தித்தான் இறக்கினேன். அதோட, கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணியை ஊற்றினால் வெடிக்கவும் கூடும். விடியலில் செய்கிற வேலை அது.

பார்த்தீர்களா, கத்தும்போது என் வாயில் வந்தது 'உயிர்' என்ற சொல்தான்.

புலவர் இரா. எழுதியது:

> நொதுமற்கம்பி

ஆகா! ஈழத்து அறிஞர்களுக்கு என் வணக்கம். நொதுமல் என்றால் அயல். அகப்பாட்டில் நொதுமலர் வரைவு என்று வரும். தலைவியைப் பெண் கேட்டு அயலார் வருவது. உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் நடுவே வேண்டியவனும் இல்லை, வேண்டாதவனும் இல்லை என்று நிற்கும் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைக்க முடியுமா? 'நியூட்ரல்' என்று நாம் சொல்லிக் கொண்டிருக்கிறோம், வெட்கம்.

துஞ்சாக் கம்பியைத் திரும்பப் பெறுகிறேன். உயிர் என்றே வைப்போம், ஆனால் நம் இலக்கண நெறிப்படி. மெய் தானாக இயங்காது, அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்கிறார் தொல்காப்பியர். வெறும் கம்பி மெய். வெயில் பட்டதும் உயிர் ஏறுகிறது. எனவே மின்னழுத்தம் ஏறிய கம்பி மின்னுயிர்மெய்! வெயில் இல்லாதபோது மின்மெய், புள்ளி வைத்து எழுதலாம்.

அது நீளம் என்றால் இன்னொன்று: எல் என்பது ஒளி, பகல், கதிரவன். எல்லவன், எல்லி என்பனவெல்லாம் அதன் கிளைகள். பகலொளியால் அழுத்தம் பெறும் கம்பி எல்லிக்கம்பி.

தே. எழுதியது:

ஐயா, எல்லி என்றால் அகராதியில் பகல் என்றும் இருக்கிறது, இரவு என்றும் இருக்கிறது. எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று சொல்லும் ஸ்டிக்கரில் இந்தச் சொல்லையா ஒட்டுவது?

குழுவின் மட்டறுத்துநராக (மாடரேட்டராக) ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமைக்கு அதிக நேரமில்லை.

ப. எழுதியது:

ஒரு கேள்வி. மின்னோட்டம் என்ற சொல் ஆளைக் கொல்லும் என்றீர்கள். சரி. அப்புறம் மு. சொல்லும் "கரண்ட் இருக்கு" மட்டும் எப்படிச் செல்லும்? கரண்ட் என்றாலே மின்னோட்டம்தானே? தமிழில் எழுதினால் தப்பு, ஆங்கிலத்தில் சொன்னால் சரியா?

வி. எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் தமிழன் வாயில் கரண்ட் என்பதற்கு ஆம்பியர் என்ற பொருள் போய்ப் பல காலம் ஆகிறது. "கரண்ட் போச்சு" என்றால் என்ன போனது? "கரண்ட் பில்" எதற்கு? "கரண்ட் அடிச்சிருச்சு" என்றால்? ஓட்டம், அழுத்தம், ஆற்றல், வாரியம் எல்லாமே அந்த ஒரே சொல்தான். பிளக் பாயிண்ட்டில் எதுவும் மாட்டாதபோதும் "அதில் கரண்ட் இருக்கு, கை வைக்காதே" என்று குழந்தையிடம் சொல்கிறோம். அங்கே ஓட்டம் எங்கே இருக்கிறது? நமக்கு வேண்டிய பொருள் அச்சு அசலாக அதுதான். மின்னோட்டம் பாடப்புத்தகத்தில் பிறந்தது. அதனால் பாடப்புத்தகப் பொருளிலேயே படிப்பார்கள்.

புலவர் கோபிக்கக் கூடாது: கரண்ட் எப்போதோ தமிழ்ச்சொல் ஆகிவிட்டது.

புலவர் இரா. எழுதியது:

கோபமில்லை, வருத்தம். இப்படித்தான் ஒவ்வொரு சொல்லாக இழந்தோம். நாளை 'டேஞ்சர்' கூடத் தமிழ்ச்சொல் என்பீர்கள். கம்பத்தில் தொங்கும் 'அபாயம்' என்ற பலகையே வடசொல். 'இடர்' என்று இரண்டே எழுத்தில் முடியும் இடத்தில் அபாயம் எதற்கு?

மு. எழுதியது:

ஐயா, இரண்டு எழுத்து இல்லை, மூன்று.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது, ஒரு கோடி வீடு இலக்கு. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் நேற்றுவரை டிஷ் மாட்டியவர், சிசிடிவி மாட்டியவர் எல்லாம் கூரை ஏறிவிட்டார்கள். 27, 28 கிலோ பேனலை ஒற்றை ஆளாகத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியேறுகிறார்கள், காற்றடிக்கும் நாளில். ஜங்ஷன் பாக்ஸ் கம்பியைப் பிடித்துத் தூக்குகிறார்கள். ஒரு கம்பெனி கனெக்டரில் இன்னொரு கம்பெனி கனெக்டரைச் செருகி, "சேர்ந்திருச்சு அண்ணா" என்கிறார்கள். செருகினால் சேரத்தான் செய்யும், உள்ளே சரியாகப் பிடிக்காமல் நாளாக நாளாகச் சூடேறி எரியும்.

இவர்களுக்குத்தான் ஸ்டிக்கர். அபாயம் என்று போட்டால் மண்டை ஓடு ஞாபகம் வரும். அதை மாற்றாதீர்கள்.

சு. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் கரும்பலகையில் மூன்றை எழுதினேன்: மின்னழுத்தம் நிற்கும் கம்பி, உயிர்மின் கம்பி (மின்னுயிர்மெய்யைச் சுருக்கினேன், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா), கரண்ட் உள்ள கம்பி. எதை வெறுங்கையால் தொடமாட்டீர்கள் என்று கேட்டேன்.

உயிர்மின் ஏதோ இன்வெர்ட்டர் கம்பெனி பெயர் என்று கடைசி பெஞ்ச் முடிவு செய்தது. மின்னழுத்தம் என்றதும் முன்வரிசைப் பெண் "எத்தனை வோல்ட் மேடம்?" என்று கேட்டாள். சரியான கேள்விதான், ஆனால் கூரைமேல் அது இரண்டாவது கேள்வி. கரண்ட் என்றதும் கேள்வியே வரவில்லை. டெஸ்டரை எடுத்த ஒரு பையன் அதைப் பையில் திரும்ப வைத்துவிட்டு மீட்டரைத் தேடினான்.

தே. எழுதியது:

சரி, முடித்துக்கொள்வோம். ஸ்டிக்கரில்:

அபாயம்! சுவிட்சை அணைத்தாலும்
வெயில் உள்ளவரை இந்தக் கம்பியில் கரண்ட் உண்டு.

கலைச்சொல் பட்டியலில் 'உயிர்மின்' தலைச்சொல், 'மின்னழுத்தம் நிற்கும்' விளக்கம், 'உயிர்க்கம்பி' இலங்கை வழக்கு என்ற குறிப்போடு. ஐந்து பேர் சரி என்று தனி மடலில் சொன்னார்கள். அதில் இருவர் "எதையாவது போடுங்கள்" என்றும் சேர்த்திருந்தார்கள்.

ப. எழுதியது:

"வெயில் உள்ளவரை" தப்பு. மேகமூட்டத்தில் ஆம்பியர்தான் சரியும், வோல்ட் அவ்வளவாக இறங்காது. மழைக்காலத்தில் வெயில் இல்லை என்று தொடுவான். "வெளிச்சம் உள்ளவரை" என்று மாற்றவும். மற்றபடி என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

சு. எழுதியது:

வெளிச்சம் என்று மாற்றிவிட்டேன். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியதில் வரி அடங்கியது.

புலவர் இரா. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. 'சுவிட்ச்' இருந்த இடத்தில் ஈழத்து 'ஆளி'யாவது வந்திருக்கலாம். நொதுமல் பற்றித் தனி இழை நாளை தொடங்குவேன்.

மு. எழுதியது:

சு. மேடம், அச்சகத்தில் சொல்லிவிடுங்கள், எழுத்துக்குச் சிவப்பு மை வேண்டாம். கூரையில் முதலில் வெளுப்பது சிவப்புதான். மஞ்சள் தளத்தில் கறுப்பு எழுத்து, வெயில் தாங்கும் வினைல். சாதாரண பேப்பர் ஸ்டிக்கர் என்றால் ஒரு கோடையைத் தாண்டாது.