பனிக்குக் கீழே உள்ளி: ரொறன்ரோவிலிருந்து ஒரு மடல்

அன்பான ஊரவர் எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே இன்றைக்கு மைனஸ் 14 பாகை. பின்வளவில் முழங்காலளவு பனி கிடக்கிறது. இந்த நேரத்தில் தோட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். தோட்டம் அந்தப் பனிக்குக் கீழேதான் இருக்கிறது. நம் ஊர்க்காரர் 5 பேரின் பின்வளவுகளில் 300 உள்ளிப் பல் (வெள்ளைப்பூண்டு) வேர்விட்டுப் படுத்திருக்கின்றன. நட்டவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள் 11 பேர். எல்லோரும் 9ஆம் வகுப்புக்கும் 12ஆம் வகுப்புக்கும் இடைப்பட்டவர்கள், இங்கேயே பிறந்தவர்கள்.

பிள்ளைகளை எப்படி எங்கள் ஊர்ச் சங்கத்துக்குள் கொண்டுவருவது என்று இந்தக் குழுவில் பலமுறை பேசியிருக்கிறோம். எங்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிள்ளைகளைத் தோட்ட வேலைக்குக் கூப்பிட்ட முதல் இரண்டு கோடையும் பிழையாகத்தான் செய்தோம். ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் முடிப்பதற்கு 40 மணித்தியாலம் சம்பளமில்லாத சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். 1999இல் 9ஆம் வகுப்புக்குப் போனவர்களிலிருந்து இந்த விதி இருக்கிறது. சரி, தோட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டோம், வந்தார்கள். ஆனால் கொடுக்க வேலை இல்லை. கோடையில் எங்கள் மாமாமார் விடிய ஐந்தரைக்கே தண்ணீர் விட்டு, களை பிடுங்கி, பாகலுக்குப் பந்தலும் கட்டி முடித்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வருகிற பிள்ளைக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். பத்து மணித்தியாலம் நின்ற பிள்ளைக்கு இருபது என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். நானும் வைத்திருக்கிறேன். தான் இல்லாமலே அந்த வேலை நடந்துவிடும் என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஏன் திரும்பி வரப்போகிறது?

போன ஒக்ரோபரில்தான் நிலைமை மாறியது. குளிர் தொடங்கியதும் பெரியவர்களுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும், விரல் மடங்காது. கோடையில் யாரையும் கிட்ட விடாத மாமாவே எனக்குத் தொலைபேசி எடுத்து, "இரண்டு பெடியளை அனுப்புவியோ தம்பி?" என்று கேட்டார்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. நிலம் இன்னும் உறையவில்லை. 78 வயது ஆச்சி ஒருவரின் பின்வளவில் கூடினோம். அவர் குனியக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அதனால் கதிரையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்து, மடியில் சுளகை வைத்து, உள்ளியை உடைத்துப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தோலை உரிக்கக்கூடாது, அடித்தட்டு உடையக்கூடாது. பெரிய பல் பாத்திக்கு, சின்னப் பல் கறிக்கு. ஒரு பையன் இணையத்தில் பார்த்துவிட்டு, 15 சென்ரிமீற்றர் இடைவெளி, 5 சென்ரிமீற்றர் ஆழம் என்று அடிமட்டமும் கையுமாக வந்திருந்தான். ஆச்சி அந்த அடிமட்டத்தை வாங்கித் தன் கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். "சாணுக்கு நாலு விரல் குறைய. ஆழம் விரலிலை இரண்டு கணு" என்றார். அதற்குப் பிறகு அடிமட்டம் புல்லுக்குள் கிடந்தது. 11 பிள்ளைகளும் கையை விரித்து விரித்து, கூர் மேலேயும் வேர்ப்பக்கம் கீழேயுமாக ஊன்றிக்கொண்டு போனார்கள்.

ஆச்சியினுடையது வெங்காயம் நட்ட கை. ஊரில் சின்ன வெங்காயத்தையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக ஊன்றுவோம். ஆனால் உள்ளி நட்டதில்லை. ஏன் நடவில்லை என்று பிள்ளைகள் கேட்க, "அங்கை குளிர் காணாது மோனை" என்றார். சரியான விடை. இங்கே நடுகிற கடினத்தண்டு உள்ளி சில கிழமைகளாவது நல்ல குளிரில் கிடந்தால்தான் கோடையில் பல் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் ஒரே உருண்டையாக நின்றுவிடும். எங்களை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற இந்தக் குளிர்தான் அதற்கு வேண்டியது.

நாங்கள் வாங்கிய இனத்தின் பெயர் மியூசிக். இசைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்ராறியோவில் புகையிலை செய்துகொண்டிருந்த ஒரு விவசாயியின் குடும்பப் பெயர் அது. அவர் இத்தாலியிலிருந்து விதை உள்ளி கொண்டுவந்து, புகையிலையை விட்டு உள்ளிக்கு மாறியவர். புகையிலைத் தறையில் வளர்ந்த எங்கள் மாமாமாருக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளுக்குப் புகையிலைக் கன்று நட்ட கதையும் துலா மிதித்த கதையும்தான். யாரும் தமிழ் வகுப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பாத்தி, கணு, சாண், சுளகு எல்லாம் அன்றைக்கே பிள்ளைகளின் வாயில் வந்துவிட்டன.

நவம்பரில் சருகு வேலை. ஊரில் தோட்டம் செய்தவர்களுக்குக் குழை தாழ்ப்பது தெரியும். எங்கள் யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணக்கல்லுக்கு மேலே மெல்லிய படையாகக் கிடப்பது. பூவரசங்குழையும் பனையோலையும் வெட்டிப் புதைத்துப் புதைத்துத்தான் எங்கள் பாட்டன்மார் அதை விளைய வைத்தார்கள். இங்கே நவம்பரில் தெரு நெடுக மேப்பிள் சருகைக் கடதாசிப் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள், நகரசபை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்தச் சருகுதான் எங்களுக்கு வேண்டியது. ஆனால் கதவைத் தட்டி, என்ன தேவைக்கு என்று சொல்லிக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னோம். 15 வருடமாக ஒரே தெருவில் இருந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சொல் பேசாத பிள்ளைகளும் இதற்குள் இருந்தார்கள்.

அப்படித் தட்டிய கதவுகளில் ஒன்று ஓர் இத்தாலிய முதியவருடையது. பையை எடுக்கப் போன பையன்களை மறித்து, அதில் கறுப்பு வால்நட் இலை கலந்திருக்கிறது, தக்காளிப் பாத்திக்குக் கூடாது என்று எச்சரித்தார். உண்மைதான், அந்த மரத்தில் உள்ள ஒரு பொருள் தக்காளி, கத்தரி இனங்களைக் கருக வைத்துவிடும். பிறகு பின்வளவுக்குக் கூட்டிப்போய்த் தன் அத்திமரத்தைக் காட்டினார். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்லச் சரித்து, பள்ளத்துக்குள் படுக்க வைத்து, பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடுவாராம். வசந்தத்தில் தோண்டி நிமிர்த்தினால் அதே மரம் காய்க்கும். ரொறன்ரோவில் பழைய இத்தாலியக் குடும்பங்கள் பல இப்படிச் செய்கின்றன. இந்த முறை அவருக்குத் தனியாகச் செய்ய முடியவில்லை. எங்கள் பையன்கள் நாலு பேர் ஒரு பின்னேரம் முழுக்க மண் வெட்டினார்கள். அத்தியை நிமிர்த்துவதற்கும் அவர்கள்தான் போகவேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் சங்கம் இந்த ஊருக்குச் செய்த நல்ல காரியங்களில் அதையும் நான் சேர்ப்பேன்.

உள்ளிப் பாத்திக்குச் சருகு போடுவதில் அவசரப்படக் கூடாது. நிலம் நன்றாகக் குளிர்ந்த பிறகு, நவம்பர் கடைசியில், ஒரு சாண் தடிப்புக்குப் போடுவது நல்லது. மண் உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி நடந்தால் பல்லை வெளியே தள்ளிவிடும். சருகு அதைத் தடுக்கும். அதற்கு மேலே பனி விழுந்தால் அதுவும் ஒரு போர்வைதான்.

கார்த்திகையில் ஊரில் பொடியள் பனங்கொட்டை நட்ட படங்கள் இந்தக் குழுவில் வந்தன. அதே கிழமை இங்கே எங்கள் பிள்ளைகள் சருகு பரப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆச்சிக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் இங்கே பகல் 9 மணித்தியாலம்தான். மண்ணில் ஒன்றும் வளராது. ஆனால் பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை வைத்தோம். பனிக்காலத்தில் வெளியே விதைக்கிற முறை ஒன்று உண்டு. பிளாஸ்ரிக் போத்தலைக் குறுக்கே வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதை தூவி, மூடி ஒட்டி, பனிக்குள் வைத்துவிடுவது. அமெரிக்கர்கள் பால் கான்களில் செய்வார்கள். ஒன்ராறியோவில் பால் பெரும்பாலும் பையில் வருவதால் நாங்கள் 4 லீற்றர் தண்ணீர்க் கான்களைச் சேர்த்தோம். நாங்கள் போட்டது மில்க்வீட் விதை. இந்தச் செடி எங்கள் எருக்கலையின் குடும்பம். உடைத்தால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. மொனார்க் வண்ணத்துப்பூச்சி இந்த இனத்துச் செடியில் மட்டும்தான் முட்டையிடும். அந்தப் பூச்சி இங்கிருந்து மெக்சிக்கோ வரை பறந்து போவது பள்ளிக்கூடத்தில் படித்த விடயம்தான். ஆனால் அதன் சாப்பாடு அம்மம்மா வீட்டு வேலியோரம் நின்ற எருக்கலையின் சொந்தம் என்பது பிள்ளைகளுக்குப் புதிது. இந்த விதைக்கும் உள்ளியைப் போலக் குளிர் வேண்டும். அதனால் பனிதான் பாதி வேலையைச் செய்கிறது.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகள் 5 வீட்டுக்கும் இருவர் இருவராகப் போகிறார்கள். கான்கள் காற்றில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, வீட்டுக்குள் நிற்கிற கறிவேப்பிலைச் சாடிக்கு அளவாகத் தண்ணீர் விடுவது, படியில் பனி தள்ளி உப்புப் போடுவது. அரை மணித்தியால வேலை. ஆனால் இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டு வர ஒரு மணித்தியாலம் ஆகிறது. இந்த முறை கையெழுத்தில் ஒரு நிமிடம்கூடக் கூட்டிப் போடவில்லை. இரண்டு பேருக்கு 40 மணித்தியாலம் எப்போதோ முடிந்துவிட்டது, இன்னும் வருகிறார்கள்.

மிளகாய், கத்தரி நாற்று விடயத்தில் ஒரு வேண்டுகோள். போன வருடம் பொங்கலோடு விதை போட்டு யன்னலோரம் வைத்தோம். வெளிச்சம் காணாமல் நூல்போல நீண்டு, ஈரம் கூடி அடித்தண்டு அழுகி, ஒரு கிழமைக்குள் எல்லாம் சாய்ந்துவிட்டன. இங்கே கடைசி உறைபனி போய், மே பிற்பாதியில் வரும் விக்ரோறியா நாள் விடுமுறை வாக்கில்தான் வெளியே நடலாம். மிளகாய்க்கு அதிலிருந்து 10 கிழமை பின்னோக்கி எண்ணினால் மார்ச் முதற்பாதி. தக்காளிக்கு மார்ச் கடைசி. பாகலுக்கும் புடலைக்கும் ஏப்ரல் கடைசி போதும். மிளகாய் முளைக்கச் சூடு வேண்டும், முளைத்தபின் எல்ஈடி விளக்கை நாற்றுக்கு ஒரு விரல் நீளத்துக்கு மேலே வைத்து 14 மணித்தியாலம் எரியவிடுங்கள். தண்ணீரைத் தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். மெல்பேர்ணிலும் சிட்னியிலும் உள்ளவர்களுக்கு உள்ளி நடுகிற காலம் ஏப்ரல், இன்னும் நேரம் இருக்கிறது. லண்டன் பிள்ளைகள் டியூக் ஒஃப் எடின்பரோ என்ற இளையோர் விருதுக்குத் தொண்டு செய்ய வேண்டும், முதல் படியான வெண்கலத்துக்கே குறைந்தது 3 மாதம். அங்கே குளிர் இவ்வளவு இல்லை, நவம்பரிலும் உள்ளி நடலாம். ஆனால் எந்த நாடானாலும் பெரியவர்களால் முடியாத வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். விட்டுவிட்டுப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள்.

யூனில் உள்ளியின் பூத்தண்டு சுருண்டு வரும். அதை வெட்டி வறை வறுக்கலாம் என்று இப்போதே திட்டம். யூலையில் கிண்டி, நிழலில் 3, 4 கிழமை கட்டித் தொங்கவிட்டு, பெரிய பூண்டுகளை விதைக்கு எடுத்துவைத்து, மிச்சத்தைக் கோடை ஒன்றுகூடலில் விற்கப்போகிறோம். வருகிற பணம் ஊர்ப் பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மிளகாய் விதை போடுகிறோம். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இடத்தைத் தனி மடலில் அனுப்புகிறேன். வெறும் தண்ணீர்க் கான் இருந்தால் எறியாமல் கொண்டுவாருங்கள்.

ஆச்சி நேற்றும் தொலைபேசி எடுத்து, முளை வெளியே வந்துவிட்டதா என்று கேட்டார். பனி கரைந்ததும் முதல் படம் அவருக்கு, அடுத்தது இந்தக் குழுவுக்கு.

அன்புடன்,
ரொறன்ரோக் கிளையிலிருந்து